எத்தனை குதிரை வேண்டும்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பழையகாயல் என்ற ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். உப்பளத்தையும் பனைமரங்களையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு தாண்டிவிடுவார்களே தவிர, இறங்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. தோன்றும்படியாக அங்கே இப்போது ஒன்றும் இல்லைதான். ஆனால் எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகம், ஹோர்முஸிலும் ஏடனிலும் இருந்த வர்த்தகர்கள் அனைவருக்கும் தெரிந்த பெயர். 1292-ஐ ஒட்டி இந்தப் பக்கமாக வந்த மார்க்கோ போலோ அதைப் பற்றி விஸ்தாரமாக எழுதிவைத்திருக்கிறான். அவன் சொல்லும் காயல் இந்தப் பழையகாயல்தான் என்று 19-ம் நூற்றாண்டில் எடுத்துச் சொன்னவர் கால்டுவெல்.

அந்தத் துறையில் வந்து இறங்கிய சரக்குகளில் விலை கூடியது குதிரை. பாண்டிய ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அதே கணக்கில் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் 100 குதிரை கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறான் போலோ. குதிரைக்கு என்ன போடுவது என்று தெரியாமல் சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போட்டார்களாம். லாடம் அடிக்கவோ வைத்தியம் பார்க்கவோ ஆள் கிடையாது. அப்படி ஒரு ஆள் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வர்த்தகர்களே பார்த்துக்கொண்டார்களாம்! குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் குதிரை விற்கலாம்? பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாஃப் இன்னொரு கணக்குச் சொல்கிறார். வருஷத்துக்கு 1,400 குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார். கடலிலே செத்துப்போன குதிரைக்கும் ராஜா பணம் கொடுத்துவிட வேண்டும். இப்படி ஒரு ஒப்பந்தம்.

இந்த 1,400 என்ற எண்ணை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

குதிரை சமாசாரத்தோடு நான் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. இன்றைக்கு ஒருவர் வேனை வீடாக மாற்றி, அதில் கட்டிலும் குளிர்சாதனமும் பிரிட்ஜும் வைத்துக்கொண்டு கடற்கரையோரமாக ஊர்சுற்றக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் கடைக்குப் போனதும் அவரை முதலில் கேட்கிற கேள்வி, 'எத்தனை வேண்டும்?' என்பதுதான். எத்தனை குதிரை, எத்தனை கே.வி.ஏ.? பாண்டிய ராஜாவுக்கு வந்த அதே சங்கடம். எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம், எதற்கு, எப்படித் தீனி போடுவது என்பது தெரியாவிட்டால் பணம் கடலில் போய்விடும்.

நடமாடும் வீடும் நடமாடும் ஊரும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த பல ஆயிரம் பேருக்கு, வெறும் மணல்வெளியில் ஓலையும் கம்புமாக ஒரு பட்டணமே சில வாரங்களில் எழும்பிவிடும். சிப்பி ஏலம் போடும் இடம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் உண்டு. சீசன் முடிந்தால் மறுபடியும் மணல்; அழுகின சிப்பியின் நாற்றம் மட்டும் கொஞ்ச நாள் பாக்கி நிற்கும். அத்தனை பெரிய தொழிலில் யந்திர சக்தி என்று ஒன்றுமே இல்லை. நடுராத்திரிக்கு மேல் கரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்தால் விடிகிற நேரத்துக்குப் பார் வந்து சேரும். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து எதிர்க்காற்று எழும்பும், அதில் திரும்பிவிடுவார்கள். கீழே இறங்குவதற்குக் கனத்த கல். அந்த ஒரு கல்லை இரண்டு பேர் முறைபோட்டுக்கொண்டு பிடித்து இறங்குவார்கள்; ஒருவர் மேலே மூச்சு வாங்கும்போது மற்றவர் கீழே இருப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதக் கடல்கட்டி என்று ஒருவர்; அவருக்குச் சர்க்காரே கூலி கொடுத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மற்றது சர்க்காருக்கு.

அந்த ஒரு கல், இரண்டு ஆள் என்ற ஏற்பாட்டை மட்டும் கவனித்து வையுங்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இறங்கப் போவதில்லை என்றால் இரண்டு கல் எதற்கு? ஜெனரேட்டர் கணக்கின் பாதி ரகசியம் இதில் இருக்கிறது.

1955-ல் தொடங்கின வரிசையோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு முடிந்துவிட்டது. 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து, அதற்குள்ளே முத்தை விளைவித்துக் காட்டினார்கள். அது வேறு கதை.

குதிரையை யந்திரத்துக்கு அளவுகோல் ஆக்கினவர் ஜேம்ஸ் வாட். நீராவி இஞ்சின் விற்கப் போன இடத்திலெல்லாம், 'இப்போது செக்குச் சுற்றுகிற என் குதிரைகள் எத்தனைக்கு இது சமானம்?' என்று கேட்டார்களாம். அவர் ஒரு கணக்குப் போட்டு, 33,000 பவுண்டு கனத்தை ஒரு நிமிஷத்தில் ஓர் அடி உயரம் தூக்கினால் அது ஒரு குதிரை என்று வைத்தார். நிஜக் குதிரை நாள் முழுவதும் அப்படி உழைக்காது. வாட் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். வாங்கினவர்கள் குறை சொல்லக் கூடாதே! மின்சாரத்தில் சொன்னால் ஒரு குதிரை 746 வாட். அதாவது வாட்டின் பெயரையே பிற்பாடு அளவாக வைத்து, அவருடைய குதிரையை அந்த அளவால் அளந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

இந்தத் தென்கோடியில் தன் மின்சாரத்தைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன முதல் கூட்டத்தார் சினிமாக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் ஏசுவின் வாழ்க்கைப் படத்தையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். கூடாரம் அடிப்பது, காட்டுவது, பிரிப்பது, அடுத்த ஊர். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டி அமர்ந்தார். அவர் சினிமாவுக்காக வைத்த யந்திரம் அக்கம்பக்கத்துக்கும் வெளிச்சம் கொடுத்தது என்று கோவைக்காரர்கள் சொல்வதுண்டு.

மௌனப்படக் காலத்தில் மின்சாரக் கணக்கு சுலபம். படத்தை ஓட்டுவது கை. ஆபரேட்டர் பிடியைச் சுற்றுவார். கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சண்டை சூடாக இருக்கும், அவ்வளவுதான். விளக்குக்கு மட்டும் ஏதாவது சக்தி வேண்டும். அந்த நாளில் ஊர்சுற்றிகள் பல இடங்களில் மின்சாரம் இல்லாமலேகூடச் சமாளித்தார்கள். ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரியும் சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சினால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வரும். கூடாரமும் எரியும், அது வேறு விஷயம்.

1931-ல் 'காளிதாஸ்' வந்தது. படம் பேசிற்று. பேச ஆரம்பித்ததும் கைப்பிடி போயிற்று. பேசும் படம் விநாடிக்கு 24 கட்டம் என்ற வேகத்தில் பிசகாமல் ஓட வேண்டும்; ஆகவே மோட்டார். ஒலியைப் பெருக்க ஆம்ப்ளிஃபயர். வெளியே ஊரைக் கூட்ட ஒலிபெருக்கி. கொட்டகைக்குள் மூலைக்கு மூலை பல்பு. ஒரே வருஷத்தில் டூரிங் சினிமா முதலாளிக்குப் பாண்டிய ராஜாவின் கேள்வி வந்துவிட்டது: எத்தனை குதிரை?

நான் சிறுவனாக இருந்தபோது, திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் இப்படியொரு கொட்டகையின் கடைசிக் காலத்தைப் பார்த்திருக்கிறேன். அப்போது கம்பி வழி மின்சாரம் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் கரண்டு எந்த நிமிஷமும் போகும் என்பதால், பழைய ஆயில் இஞ்சின் கொட்டகையிலிருந்து தள்ளி ஒரு ஓலைச் சாய்ப்பில் இருந்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உயர ஆசனம் போட்டுக்கொண்டு, பின்னால் இருப்பவரிடம் வசவு வாங்கின பாக்கியம் எனக்கும் உண்டு. அந்த ஆபரேட்டர் பல வருஷங்கள் கழித்து, எழுபது வயதைத் தாண்டின பிறகு, நான் கதைக்காக விவரம் கேட்கப் போனபோது மணிக்கணக்கில் பேசினார். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகம் எனக்குப் புரியவைக்காத பலதை அவர் ஒரு பீடிக்கட்டு அட்டையில் எழுதிக் காட்டினார்.

அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

ப்ரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள். இரண்டையும் ஒரு கணம் தொடவிட்டுக் கொஞ்சம் விலக்கினால் நடுவிலே சூரியன் மாதிரி ஒரு சுடர் நிற்கும். சின்னக் கொட்டகைக்கு அது 50 வோல்ட்டில் 30 ஆம்பியர் எடுக்கும் என்று வையுங்கள். பெருக்கினால் 1,500 வாட். ஆனால் டைனமோ கொடுப்பது 110 வோல்ட். மீதி 60 வோல்ட்டை ஒரு ரெஸிஸ்டன்ஸ் கம்பிச் சுருளில் சூடாக்கி வீணாக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சுருள் இல்லாவிட்டால் சுடர் ஒரே சீராக நிற்காது. ஆகவே 30-ஐ 110-ஆல் பெருக்கு: 3,300. விளக்குக்கு 1,500 வாட் என்று நினைத்து இஞ்சின் வாங்கின முதலாளிகள் இங்கேதான் சறுக்கினார்கள். 'தாலியை அடகு வைச்சு வாங்கின டைனமோ தம்பி, படம் போட்டா நிலா வெளிச்சம் மாதிரித் தெரியும்' என்றார் பெரியவர்.

மோட்டாருக்கு 300, ஆம்ப்ளிஃபயருக்கு 250. ஆக 3,850. கொட்டகைக்குள் பத்து பல்பு, ஒவ்வொன்றும் 60 வாட், 600. எல்லாவற்றையும் கூட்டினால் 4,450 வருகிறது. நான் அட்டையிலே கூட்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, 'படம் ஓடும்போது பல்பு எதுக்கு எரியுது?' என்று கேட்டார்.

ஊர்சுற்றிக் கொட்டகையில் ஒரே ஒரு ப்ரொஜெக்டர்தான். ஒரு ரீல் கூட்டம் முடிந்தால் அடுத்ததை மாட்டும்வரை இடைவேளை விட வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. சுடர் அணையும்போது பல்பு எரியும், பல்பு அணையும்போது சுடர் எரியும். முருக்கு, சோடா, கலர் விற்கிறவர்களுக்காகவே நாலு இடைவேளை விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு கல்லை இரண்டு பேர் முறைபோட்டுப் பிடிக்கிற முத்துக்குளிப்புக் கணக்கு அது. ஆகவே தேவை 3,850-தான். கொஞ்சம் கைவசம் இருக்கட்டும் என்று 5 கிலோவாட் டைனமோ. ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு குதிரை என்பது இஞ்சின்காரர்களின் வாய்ப்பாடு. பெல்ட்டிலும் டைனமோவிலும் நஷ்டமாவது, இஞ்சின் மூச்சு வாங்காமல் ஓடுவதற்கு விடுவது எல்லாம் அதில் சேர்த்தி. 10 குதிரை.

சின்னதாக வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியவரிடம் ஒரு கதை இருந்தது. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் காலத்துக் கதை. இஞ்சின் திணறிச் சுற்று குறைந்தால் மோட்டாரும் குறையும். மோட்டார் குறைந்தால் ஒலியும் இறங்கும். 600 சுற்று 540 ஆனால் பத்தில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. குரல் ஏறக்குறைய இரண்டு ஸ்வரஸ்தானம் கீழே வந்துவிடும். தியாகராஜ பாகவதரின் பாட்டு உச்சத்துக்குப் போகிற சமயமாகப் பார்த்து இஞ்சின் திணற, பாகவதர் குரல் பி. யு. சின்னப்பாவின் குரல் மாதிரி இறங்கிற்றாம். ஊரிலே இரண்டு பேருக்கும் கட்சி உண்டு. அன்று ராத்திரி கொட்டகையில் நடந்ததைப் பெரியவர் வர்ணித்ததை அச்சில் போட முடியாது.

பெரியதாக வாங்கினால் மட்டும் க்ஷேமமா? அதுவும் இல்லை. தேவைக்கு மூன்று மடங்கு இஞ்சினை வாங்கி, அதை அரைத்தூக்கத்தில் ஓட்டிய முதலாளிகளும் இருந்திருக்கிறார்கள். டீசல் இஞ்சின் போதிய வேலை இல்லாமல் ஓடினால் உள்ளே சூடு ஏறாது. எண்ணெய் முழுக்க எரியாமல் கரியாகப் படியும். புகைபோக்கியில் பிசின் மாதிரி வழியும். சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி போல் மழமழத்துப் போய்ப் பிடிமானம் விட்டுவிடும். ஒரு பனைமரத்தை இழுக்க யானை வாங்கினவன், யானைக்குத் தீனி போட்டே பனங்காட்டை விற்ற கதைதான்.

இன்னொரு நுட்பம். அந்தக் காலத்து லிஸ்டர் மாதிரியான ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்றுத்தான் சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. அதாவது விநாடிக்கு 5 தரம். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உந்தல். அந்த உந்தல் அப்படியே டைனமோவுக்குப் போனால் வெளிச்சம் விநாடிக்கு 5 தரம் கண்சிமிட்டும். அதைத் தடுப்பதற்காகத்தான் ஆள் தூக்க முடியாத கனத்தில் இருபக்கமும் சக்கரம். மாட்டுவண்டியில் ஏற்றி மணலில் கொண்டுபோகிறவனுக்கு அந்தச் சக்கரம் எமன். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெய்வம். நடமாடும் யந்திரத்தின் தீராத வழக்கு இது. கனம் இருந்தால் நடமாட முடியாது, கனம் இல்லாவிட்டால் நிதானம் கிடையாது.

1944-ல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்தது. பிறகு மெதுவாகக் கம்பிகள் கடற்கரைக் கிராமங்களுக்கும் வந்தன. 1979 முதல் 1992 வரை தூத்துக்குடியிலேயே அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் ஐந்தைக் கட்டினார்கள். மொத்தம் 1,050 மெகாவாட். வாட் கணக்கில் இதைக் குதிரையாக மாற்றிப் பார்த்தேன். சுமார் 14 லட்சம் குதிரை வருகிறது. வஸ்ஸாஃப் சொன்ன 1,400-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதைப் போல் சரியாக ஆயிரம் மடங்கு! பழையகாயலிலிருந்து இரண்டரைக் காத தூரம்கூட இல்லாத இடத்தில்.

டூரிங் கொட்டகைகள் போய்விட்டன. ஆனால் சினிமாக்காரர்கள் மின்சாரத்தைச் சுமப்பதை விடவில்லை. இப்போது காட்டுவதற்காகச் சுமப்பதில்லை, எடுப்பதற்காகச் சுமக்கிறார்கள். ஒரு காலத்தில் வெளிப்புற ராத்திரிக் காட்சிக்கு 'ப்ரூட்' என்ற ராட்சஸ ஆர்க் விளக்கைக் கொண்டுவருவார்கள். அது ஒன்று 120 வோல்ட்டில் 225 ஆம்பியர் குடிக்கும்: 27 கிலோவாட். இரண்டு போட்டால் 54. நம் வாய்ப்பாட்டின்படி நூறு குதிரைக்கு மேல். ஜெனரேட்டர் வண்டி எட்ட நிற்கும், கேபிள் மலைப்பாம்பு மாதிரி மணலில் கிடக்கும். பகல் காட்சிக்கு மட்டும் வெள்ளித்தாள் ஒட்டின தட்டியைப் பிடித்துச் சூரியனிடம் இனாமாக வாங்கிக்கொள்வார்கள்.

'நீர்ப்பறவை' 2012-லும் 'கடல்' 2013-லும் வெளிவந்தன. இரண்டுக்கும் மணப்பாட்டில் படப்பிடிப்பு நடந்தது. இந்தத் தலைமுறைப் படப்பிடிப்புகளில், விளக்கு வண்டி தவிர இன்னொரு வண்டியும் உண்டு. அதற்குக் கேரவன் என்று பெயர். நட்சத்திரம் இளைப்பாறுவதற்கு. நம் நாட்டில் நடமாடும் வீட்டை ஜனங்கள் முதன்முதலில் பார்த்தது இதில்தான். இப்போது வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு யாத்திரை போகிறவர்களும் பெருகி வருகிறார்கள்.

அந்த வண்டிக்கு எத்தனை வேண்டும்? பெரியவரின் பீடிக்கட்டு அட்டை முறையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு; ஒன்றுக்கு 1,700 வாட், ஆக 3,400. பிரிட்ஜ் 200. கண்ணாடியைச் சுற்றின விளக்குகள் 200. டெலிவிஷன் 100. காப்பிக்கு வெந்நீர் போடும் கெட்டில் 1,500. தலை உலர்த்தும் கருவி 1,500. கூட்டினால் 6,900. ஆனால் கெட்டிலையும் தலை உலர்த்தியையும் ஒரே சமயத்தில் போடாதே என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் 5,400-ல் காரியம் நடக்கும். சீட்டு எழுதுவது ஜெனரேட்டரைவிட மலிவு.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. ஏ.சி.க்குள் இருப்பது மோட்டார். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு சக்தியை ஒரு கணத்தில் உறிஞ்சும். நிற்கிற மாட்டுவண்டியை முதல் அடி நகர்த்துவதற்கு மாடு படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஏ.சி. 1,700-ல் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கிளம்பினால் 5,100. பிரிட்ஜ், விளக்கு, டெலிவிஷன் 500. அந்த ஒரு கணத்துக்கு 7,300 வேண்டும். தலை உலர்த்தியும் அதே கணத்தில் ஓடினால் போச்சு. 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்பது சாதாரணமாக 8 கிலோவாட்தான். கே.வி.ஏ. என்று பெரிய எண்ணைப் போட்டு விற்பது வாட்டின் குதிரைத் தந்திரத்துக்குத் தம்பி முறை. அந்த 8 இங்கே போதும். 5,400-ல் ஓடும்போது மூன்றில் இரண்டு பங்கு வேலை. இஞ்சினுக்குப் பிடித்த அளவு. இப்போது வருகிற இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாகக் கிளம்புகிறது, அது இருந்தால் இன்னும் சின்ன யந்திரமே போதும். ராத்திரி எல்லோரும் போன பிறகு காவல்காரர் ஒரு விசிறிக்காக இந்த 10 கே.வி.ஏ.யை விடிய விடிய ஓட்டுவார். 60 வாட்டுக்காக! சிலிண்டர் சுவர் கண்ணாடியாவது அப்போதுதான்.

தூத்துக்குடியில் ஓடின யந்திரத்தை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் இன்னொரு வேடிக்கை. மேலே காற்று மெலிவு. ஆயிரம் அடிக்கு 3 முதல் 3½ சதவீதம் சக்தி குறையும் என்று வைத்தால், 7,000 அடியில் கால் பங்கு காணாமல் போய்விடும். கடற்கரையில் காற்று முழுசாகக் கிடைக்கும், வாஸ்தவம். அதற்குப் பதிலாக மே மாத வெயிலில் கொஞ்சம் குறையும். உப்புக் காற்று தகரத்தைத் தின்னும்.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். இனிச் சொல்லப்போவது அப்படி அல்ல. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை என்ற ஊரில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ராத்திரி ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்ஸைடு வண்டியின் தளத்தில் இருந்த ஒரு துவாரம் வழியாக உள்ளே வந்துவிட்டது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் அதே மாதிரி ஓட்டிப் பார்த்துச் சொன்ன முடிவு இது. அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. தூங்குகிறவன் இருமிக்கொண்டு எழுந்திருக்கவும் மாட்டான். ஓலைச் சாய்ப்பைக் கொட்டகைக்கு எட்டப் போட்ட பழைய முதலாளிகள் சத்தத்துக்கும் நெருப்புக்கும் பயந்துதான் அப்படிச் செய்தார்கள். இந்த வாயுவின் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கூட்டம் பிழைத்தது. இன்று யந்திரம் சின்னதாகிவிட்டது, சத்தம் குறைந்துவிட்டது, படுக்கைக்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஜெனரேட்டர் வாங்கும்போது எத்தனை கே.வி.ஏ. என்று கேட்கிறவர்கள், அதன் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று ஒரு தரம் குனிந்து பார்க்க வேண்டும். வண்டிக்குள் அந்த வாயுவைக் கண்டு அலறும் சின்னக் கருவி ஒன்றும் விற்கிறது. நட்சத்திர வண்டியில் அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்து பிரயோசனம் இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே ஜனங்களோடு நின்றுவிட்டது. 14 லட்சம் குதிரை கட்டின ஊர் இருட்டில் கிடந்தது. குதிரை எங்கோ நிற்க, கயிறு தண்ணீருக்குள் கிடந்தால் என்ன செய்வது? தெருவெல்லாம் வெள்ளம், வீட்டுக்குள் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாடித் தொட்டிகள் வறண்டுவிட்டன.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தூத்துக்குடியில் நான் தங்கியிருந்த தெருவுக்கு ஒரு குட்டியானை வண்டியில் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வந்தது. மணிக் கணக்கில் வாடகை. கிணற்று மோட்டார் ஒரு குதிரைதான், 5 கே.வி.ஏ.க்கு அது ஒரு சுமையா என்று எல்லோருக்கும் சந்தோஷம். யந்திரம் உறுமினதும் நாலு வீட்டிலிருந்து ஒயர் இழுத்து பிரிட்ஜை மாட்டினார்கள். ஒரு பலகையில் இருபது முப்பது கைபேசிகள். ஒரு அம்மாள் இட்லி மாவுக்கு அரிசியே ஊறப்போட்டு வைத்திருந்தார், கிரைண்டரும் வந்துவிட்டது. பிறகு மோட்டார் ஸ்விட்சைத் தட்டினார்கள். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிற்றே தவிரச் சுற்றவில்லை. பல்பு மங்கிற்று. மறுபடி தட்டினார்கள். மறுபடி முனகல். மூன்றாம் தரம் தட்டப் போனபோது, ஒரு பழைய எலக்ட்ரீஷியன் முழங்கால் தண்ணீரில் வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

'சுத்தாம முனகினா காயில் வெந்து போகும் அண்ணாச்சி. எல்லாத்தையும் புடுங்குங்க.'

பிரிட்ஜ், கைபேசிகள், கிரைண்டர் எல்லாம் கழன்றன. அம்மாளுக்குக் கோபம். வெறும் யந்திரம் நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, எலக்ட்ரீஷியன் மோட்டாரை மட்டும் போட்டார். இஞ்சின் ஒரு கணம் கனைத்துக் குரல் இறங்கி, திரும்ப ஏறிற்று. குழாயில் முதலில் காற்று, பிறகு செம்மண் கலந்த தண்ணீர், பிறகு தெளிவு. அதன் பிறகு அவரே ஒவ்வொன்றாகப் பிரிட்ஜை மாட்டிக்கொண்டு வந்தார். கைபேசிப் பலகையையும் மாட்டினார். கிரைண்டர் முறை வந்தபோது காதை இஞ்சின் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

'மோட்டாரை நிறுத்தினப்புறம் அரைச்சுக்கோங்க ஆச்சி' என்றார்.

எட்டு வீட்டுத் தொட்டி நிரம்ப இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. வண்டிக்காரர் மூன்று மணி நேர வாடகை கேட்டார். ஆச்சி ஊறின அரிசியோடு காத்திருந்ததைக் காட்டி, மீதி முக்கால் மணிக்குக் கிரைண்டரைப் போடச் சொல்லிவிட்டார்கள்.